தம்பி போட்ட அப்பாயிண்ட்மென்ட்

அந்த வருடம் என் கர்ப்பப்பையைப் பற்றி என்னைத் தவிர எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்.

கணவர் முடிவுக்கு வந்திருந்தார். மாமியார் வந்திருந்தார். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்த என் தம்பி வந்திருந்தான். குலதெய்வம்கூட ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. கட்டி இருக்கிறது, கர்ப்பப்பையோடு எடுத்துவிடலாம், அவ்வளவுதான். "ரெண்டு புள்ளையப் பெத்து ஆளாக்கியாச்சு, இனி அதை வெச்சுக்கிட்டு என்னத்தப் பண்ணப்போற?" என்று வருவோர் போவோரெல்லாம் கேட்டார்கள். பரணில் கிடக்கும் ஓட்டை அண்டாவைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் அப்போது கொல்லிமலையில், பைல் நாட்டுப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். வீடும் காடும் மலைக்குக் கீழே முள்ளுக்குறிச்சியில். வாரம் முழுக்க மலையில் ஒரு வாடகை அறை, சனிக்கிழமை பஸ் பிடித்து வளைவு வளைவாக இறங்கி, மலையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனால், ஞாயிறு பொழுதோடு திரும்பவும் மூட்டையைக் கட்ட வேண்டும். அந்த ஒரு நாள்தான் என் குடும்ப வாழ்க்கை.

மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. பள்ளிக்கூடத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சமாளித்துவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மரவள்ளி போட்ட குச்சிக்கிழங்குக் காட்டில் ஆட்களுக்குச் சோறு கொண்டுபோனவள் வரப்பிலேயே மயங்கி விழுந்துவிட்டேன். கணவர்தான் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாராம். ராசிபுரத்தில் ஸ்கேன் எடுத்தோம். கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. அவருக்கு அக்கா முறையாகும் பெரியப்பா மகள் ஒருத்தி இப்படித்தான் கவனிக்காமல் விட்டுப் போய்ச் சேர்ந்தவள். அதனால் அவர் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

எனக்கு அவசரமில்லை. மலையில் அரசு ஆஸ்பத்திரிக்கு ஒரு டாக்டரம்மா தெற்கே கடற்கரைப் பக்கத்து ஊரிலிருந்து வேலைக்கு வந்திருந்தார். ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது சின்னதுதான் டீச்சர். கொஞ்ச மாசம் மாத்திரை சாப்பிட்டுப் பாருங்க. கேக்கலைன்னா எடுத்துக்கலாம். எடுத்துட்டா திருப்பி வைக்க முடியாதுல்லா?" என்றார். அந்தக் கடைசி வாக்கியம் எனக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. எனக்கு ஆபரேஷன் என்றாலே பயம். அதைவிட, என் உடம்பிலிருந்து ஒன்றை எடுக்கிறார்கள் என்றால் நான் சரி என்று சொன்ன பிறகு எடுக்கட்டுமே என்று இருந்தது. பெரிய ஆசையா அது?

வீட்டில் சொன்னேன். "மலையில கெடக்கற ஆஸ்பத்திரிக்கு என்ன தெரியும்? கோயமுத்தூருக்குப் போயிடலாம்" என்றார் கணவர். நான், "பாக்கலாமுங்க" என்றேன். எங்கள் பக்கம் யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வதில்லை. கல்யாணத்துக்கு வரமாட்டோம் என்பதைக்கூட வரப் பாக்கறனுங்க என்றுதான் சொல்வோம். கேட்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள். என் விஷயத்தில் மட்டும் யாருக்கும் புரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் மலைமேல் பத்தாம் வகுப்புக்குத் தேற்றம் நடத்திக்கொண்டிருந்தபோது, கீழே மாமியார் குலதெய்வம் கோயிலில் பூவாக்குக் கேட்டிருக்கிறார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் முன்னால் வைத்து, ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். வெள்ளை வந்துவிட்டது. நான் சனிக்கிழமை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்தப் பூவைத் தலையில் வைத்துவிட்டார்.

"ஆத்தாளே உத்தரவு குடுத்துட்டா கண்ணு. இனி என்ன ரோசனை?"

"எனக்குத்தானுங்க அத்தை ஆபரேஷன். என்னைக் கூட்டிட்டுப் போயிருக்கலாமில்லீங்களா?"

"நீயி பள்ளிக்கூடம் போயிட்டயே சாமி" என்றார். பூவோடு போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

செல்போன் கைக்கு வந்துவிட்டது, டவர் மட்டும் மலைக்கு வந்து சேராத காலம் அது. வாசலூர்பட்டியில் படகு விடுகிற ஏரி இருக்கிறதே, அதன் கரை மேட்டில் ஏறி நின்றால் ஒரு கோடு, ஒன்றரைக் கோடு கிடைக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய் நின்றுகொண்டு தம்பியிடம் பேசுவேன். அவன் பக்கம் சரியாகக் கேட்காது, நான் கத்த வேண்டும்.

"அக்கா, கோயமுத்தூர் ஆஸ்பத்திரில இப்ப ஆன்லைன்லயே அப்பாயிண்ட்மென்ட் போடலாம். போட்டுட்டேன். பெரிய டாக்டர். உங்க பேர்ல ஒரு மெயில் ஐடியும் ஆரம்பிச்சுட்டேன். அதுக்கு ஒரு மெயில் வரும், அதுல லிங்க் இருக்கும், அதை நாளைக்குள்ள கிளிக் பண்ணணும். பண்ணினாத்தான் அப்பாயிண்ட்மென்ட் உறுதி."

"எதுக்குடா அப்பாயிண்ட்மென்ட்?"

"கர்ப்பப்பைக்குத்தான்!"

"என்னது?"

"கர்ப்பப்பை!"

"கர்ப்பப்பையா? அதுக்கு என்ன இப்போ அவசரம்?" என்று நான் கத்தியது ஏரி முழுக்கக் கேட்டிருக்கும். பெடல் படகில் போய்க்கொண்டிருந்த புதுமண ஜோடி மிதிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. மானம் போச்சு. தம்பி பாஸ்வேர்டைச் சொன்னான். அவன் பெயரும் அவன் பிறந்த வருடமும். மெயில் என்னுடையது, பெயரும் வருடமும் அவனுடையது. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

மலையில் மெயில் பார்க்க வேண்டுமென்றால் செம்மேட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒரு பிரவுசிங் சென்டர். ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, பரீட்சை ரிசல்ட், எல்லாம் அதே கடை. நடத்துகிறவருக்கு என் வயதுதான் இருக்கும். தங்கமான மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். பின்னால் ஒரு ஓரத்தில் அவர் வீட்டு மிளகு காய்ந்துகொண்டிருக்கும்.

நான் பாஸ்வேர்டை வாய்விட்டுச் சொன்னதும் அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஏனுங்க டீச்சர், இதெல்லாம் சத்தமா சொல்லலாமுங்களா? ஆரு வெச்சதுங்க இது?"

"தம்பி வெச்சதுங்க."

"அப்ப இது தம்பி மெயிலுங்க. உங்க மெயில் இல்லீங்க. மொதல்ல மாத்துங்க."

எனக்கு நேரமாகிறது என்றேன். கேட்டால்தானே? மாற்றாமல் மேலே போக விடமாட்டேன் என்று நின்றார். பக்கம் ஒன்று திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், அப்படி ஒரு லைன். புதுப் பாஸ்வேர்டை நான் அடித்தபோது சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். இரண்டாம் முறை அடித்தபோது கண்ணையும் மூடிக்கொண்டார். எல்லாம் முடிந்து மெயில் பெட்டி திறந்து, ஆஸ்பத்திரியின் பெயர் தலைப்பில் தெரிந்தது. அதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தேன், கரண்ட் போய்விட்டது.

"இனிப் பொழுதோட, வெளக்கு வெக்கற நேரத்துக்குத்தானுங்க வரும்" என்றார். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நான் எங்கே உட்காருவது? திரும்பிவிட்டேன். மறுநாள் அந்த அப்பாயிண்ட்மென்ட் காலாவதியாகிவிட்டது.

தம்பி சலித்துக்கொண்டு மறுபடியும் போட்டான். அந்த வாரம் மழை. ரோட்டில் மரம் விழுந்து செம்மேட்டுக்குப் பஸ்ஸே இல்லை. அதுவும் போனது. மூன்றாம் முறை போட்டபோது, இனி இவளை நம்பிப் பயனில்லை என்று அவனே பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு என் மெயிலைத் திறக்கப் பார்த்திருக்கிறான். திறக்கவில்லை. நான்தான் மாற்றிவிட்டேனே.

ஏரி மேட்டில் போனை எடுத்ததும் சாமி வந்தவன் மாதிரி ஆடினான்.

"பாஸ்வேர்டை எதுக்குக்கா மாத்தினீங்க? சொல்லுங்க, நானே கிளிக் பண்ணி முடிச்சுடறேன். ஒரு கிளிக்தானே?"

"அப்பறம் சொல்றண்டா. டவர் இல்லை" என்றேன். டவர் இருந்தது. அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாக இரண்டு கோடுகள் இருந்தன. ஏன் அப்படிச் சொன்னேன் என்று அறைக்கு நடந்து வரும்போது எனக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒட்டுமொத்தக் குடும்பமும் என் பாஸ்வேர்டைத் துரத்த ஆரம்பித்தது. கணவர் பள்ளிக்கூடத்து லேண்ட்லைனுக்கே அழைத்துக் கேட்டார். தலைமையாசிரியர் அறையில் நின்றுகொண்டு அதை எப்படிச் சொல்வது? தம்பி பொண்டாட்டி கேட்டாள். காலேஜ் விடுதியிலிருந்து என் மகள் கேட்டாள். சனிக்கிழமை போனால் மாமியார் தட்டில் சோற்றைப் போட்டபடியே, "என்னமோ சொல்ல மாட்டீங்கறயாம்ல? சொல்லிப்போடு கண்ணு. ஆத்தாளே உத்தரவு குடுத்ததுக்கப்பறம் உனக்கென்ன?" என்றார்.

இவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்டார்கள். ஆனால் பாஸ்வேர்டைத்தான் கேட்டார்கள். உனக்கு இது சம்மதமா என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு அது புரிந்தது. பாதியில் கையைக் கழுவிவிட்டு எழுந்தேன். சோறு இறங்கவில்லை, பார்த்தாயா, உடம்பு எவ்வளவு கெட்டுக்கிடக்கிறது என்றார்கள்.

தம்பி நான்காம் முறையாகப் போட்டான். கணவருக்குப் பொறுமை போய்விட்டது. காட்டு வேலையை ஆட்களிடம் விட்டுவிட்டு, விடிகாலை பஸ்ஸில் அவரே மலையேறிவிட்டார். அவருக்கு வளைவு ஒத்துக்கொள்ளாது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றபோது ஆள் வாடிப்போயிருந்தார். பரிதாபமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. மதியத்துக்கு மேல் லீவு சொல்லிவிட்டு அவரோடு செம்மேட்டுக்குப் போனேன்.

சென்டரில் ரிசல்ட் பார்க்க வந்த இரண்டு பேர் காத்திருந்தார்கள். கடைக்காரர் என் கணவருக்கு ஸ்டூல் போட்டு, தண்ணீர் கொடுத்து உபசாரம் செய்தார். நான் பாஸ்வேர்டை அடிக்கும்போது கடைக்காரர் வழக்கம்போலச் சுவரைப் பார்த்துக்கொண்டார். என் கணவர் கீ போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் அவர் தோளைத் தொட்டு அவரையும் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டார். அன்றைக்கு நான் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

மெயில் திறந்தது. கரண்ட் போகவில்லை. இங்கிலீஷில் நாலைந்து வரிகள். முதல் முறையாக முழுசாகப் படித்தேன். படித்துவிட்டு இன்னொரு தரம் படித்தேன்.

"என்ன போட்டிருக்குது?" என்றார் கணவர்.

கடைக்காரர் எட்டிப் பார்த்து, கடைக்கே கேட்கிற மாதிரி தமிழில் சொன்னார். "உங்க பேர்ல ஒருத்தரு டாக்டரைப் பாக்கத் தேதி கேட்டிருக்காங்க. கேட்டது நீங்கதானுங்களா, உங்க சம்மதத்தோடதானுங்களான்னு கேக்குதுங்க. ஆமான்னா இந்த எடத்துல அமுக்கோணும்."

"ஆமான்னு அமுக்குங்க" என்றார் கணவர், கடைக்காரரைப் பார்த்து.

"டீச்சர்தானுங்க அமுக்கோணும்."

என் கை மவுஸின்மேல் இருந்தது. நகரவில்லை. எங்கேயோ கோயமுத்தூரில் இருக்கிற, முகமில்லாத ஒரு இயந்திரம் கேட்கிறது, நீங்கள்தானே கேட்டீர்கள், உங்களுக்குச் சம்மதம்தானே என்று. இத்தனை நாளாக அதைத்தானே திட்டிக்கொண்டிருந்தேன், அதற்காகத்தானே ஏரி மேட்டுக்கும் செம்மேட்டுக்கும் அலைந்தேன். என் கூடப் பிறந்தவன் கேட்கவில்லை, தாலி கட்டியவர் கேட்கவில்லை, இது கேட்கிறது. அழுகை வந்தது. ரிசல்ட்டுக்குக் காத்திருந்தவர்கள் முன்னால் அழ வெட்கமாக இருந்ததால் கோபமாக மாற்றிக்கொண்டேன்.

"வேண்டாம்னு எங்கீங்க அமுக்கறது?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

அவர் தேடிப் பார்த்தார். திரையை மேலே தள்ளினார், கீழே தள்ளினார். "வேண்டாம்ங்கறதுக்குப் பட்டன் வெக்கலீங்களே டீச்சர். கேக்காதவங்க கம்முனு உட்டுடணுமாம். தானா கேன்சல் ஆயிருமாம்."

கம்முனு இருந்தால் வேண்டாம் என்று அர்த்தமாம். எங்கள் வீட்டில் கம்முனு இருந்தால் சரி என்றல்லவா அர்த்தம்? என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குக் கம்முனு நின்றேன், பெண்ணுக்குச் சம்மதம் என்று வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டார்கள். மலைக்கு மாற்றல் வந்தபோது கம்முனு இருந்தேன், போகிறாள் என்று பெட்டியைக் கட்டிவிட்டார்கள். கரண்ட் போனதாலும் மரம் விழுந்ததாலும் பாஸ்வேர்டு மாறியதாலும் மூன்று முறை நான் அந்த ஆஸ்பத்திரிக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், அதுவும் மறு பேச்சில்லாமல் ஒப்புக்கொண்டிருக்கிறது. எனக்கே தெரியாமல் போய்விட்டது.

ஆனால் இந்த முறை கம்முனு விட எனக்கு இஷ்டமில்லை. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு நாற்காலியோடு கணவர் பக்கம் திரும்பினேன்.

"எனக்கு வேண்டாமுங்க. இப்ப வேண்டாம்."

"என்னது?"

"ஆபரேஷன் இப்ப வேண்டாமுங்க. மாத்திரை சாப்புட்டுப் பாக்கறேன். நான் இந்தத் தேதியக் கேக்கவே இல்லை."

கடைக்காரர் ஜெராக்ஸ் மெஷின் பக்கம் போய்விட்டார். ரிசல்ட்காரர்கள் வெளியே ரோட்டைப் பார்த்தார்கள். என் கணவர் முகம் சிவந்துவிட்டது.

"இதை ஊட்டுலயே சொல்லியிருக்கலாமில்ல? வாந்தியெடுத்துக்கிட்டு மலையேறி வந்திருக்கறன்!"

"சொன்னனுங்களே."

"எப்பச் சொன்ன? பாக்கலாம்னுதான சொன்ன?"

"வெங்காய ஏவாரி வெலை கேட்டா நீங்க பாக்கலாம்னு சொல்றீங்களே, அதுக்கு என்னங்க அர்த்தம்? அவனுக்குப் புரியுதில்ல?"

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் மெயிலை அப்படியே விட்டுவிட்டு, உட்கார்ந்ததற்குக் காசு கொடுத்துவிட்டு, பின்னாலேயே போனேன். பஸ் நிறுத்தத்தில் சிமெண்ட் பெஞ்சில் அந்தக் கோடியில் அவர், இந்தக் கோடியில் நான். கீழே போகிற பஸ் ஒன்று வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போனது. அவர் ஏறவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டே சொன்னார். "அன்னிக்கு வரப்புல நீ உழுந்து கெடந்தப்ப உசுரே இல்லைன்னு நெனச்சுட்டேன் புள்ள. எங்கக்காளையும் இப்படித்தான் தூக்குனேன். பயமா இருக்குது."

"எனக்கும் பயமாத்தானுங்க இருக்குது. என்னையத்தான அறுக்கப்போறாங்க."

அவர் எலுமிச்சம்பழத்தைச் சட்டைப்பையில் போட்டார். அப்புறம், "செரி. என்ன பண்ணலாம்ங்கற?" என்றார்.

கல்யாணமாகி அத்தனை வருடத்தில் வெங்காயத்துக்கு மருந்தடிப்பதைப் பற்றிக் கேட்டிருக்கிறார், மகளை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறார். என்னைப் பற்றி என்னிடம் கேட்டது அன்றைக்குத்தான். சொன்னேன். மலை டாக்டரம்மா கொடுக்கிற மாத்திரை கொஞ்ச மாதம். கேட்காவிட்டால் சேலத்தில் நானே ஒரு டாக்டரைப் பார்ப்பேன். எடுத்தே ஆக வேண்டுமென்றால் எடுக்கச் சொல்வேன், ஆனால் நான் சொல்வேன். அவர் தலையை ஆட்டினார். மனமில்லாமல்தான் ஆட்டினார், ஆனாலும் ஆட்டினார்.

தம்பி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. மாமியார், ஆத்தாள் வாக்கை மீறினவள் என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லி முடித்தார். மாத்திரை முதலில் நன்றாகத்தான் கேட்டது. உதிரப்போக்கு குறைந்தது, நிமிர்ந்து நின்று பாடம் நடத்தினேன். இரண்டு வருடம் போனபின் மறுபடி ஆரம்பித்தது, முன்னைவிட மோசமாக. சேலத்தில் ஒரு பெண் டாக்டர் தாளில் படம் போட்டுக் காட்டி, கட்டி வளர்ந்திருக்கிறது, இனி வைத்திருப்பது நல்லதில்லை என்றார். நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் யோசித்தேன். எடுத்துவிடலாம் என்று எனக்கே பட்டது.

"அன்னிக்கே ஆத்தா சொன்னாள்ல?" என்றார் மாமியார். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சேலத்து ஆஸ்பத்திரியிலும் அதற்குள் ஆன்லைன் வந்துவிட்டது. செம்மேட்டுக்குப் போய், அதே சென்டரில், அதே நாற்காலியில் உட்கார்ந்து, பெயர், வயது, தேதி எல்லாவற்றையும் நானே அடித்தேன். லைன் இப்போது கொஞ்சம் தேவலாம். சித்த நேரத்தில் மெயில் வந்தது. இதுவும் அதையேதான் கேட்டது, கேட்டது நீங்கள்தானா, உங்கள் சம்மதத்தோடுதானா என்று. நிதானமாகப் படித்தேன். வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பயமாகத்தான் இருந்தது.

கடைக்காரர் மிளகைத் துழாவிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். எல்லாம் தெரிந்த மனிதர், அன்றைக்குக் கூடவே இருந்தவர். அக்கறையாகத்தான் கேட்டார்.

"ஊட்டுக்காரரைக் கேட்டுக்கிட்டீங்களா டீச்சர்?"

அவரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். மனிதர் அவசரமாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஆமாம் என்று அழுத்தினேன்.